சுவரில் எழுதிய கிரீஸ் கணக்கு

வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடிக்குள்ளான இலங்கை 1960களின் தொடக்கத்தில் கார் இறக்குமதியை இறுக்கிக் கட்டுப்படுத்தியதும், 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை அந்த இறுக்கம் பெரிதும் தளராதிருந்ததும், 1950களின் பிரித்தானியக் கார்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் ஒரு தலைமுறைக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தமைக்கு முதற் காரணமாகும். புதிய கார் வாங்க வழியற்றவர்கள் கையிலிருந்த காரைச் சாகவிடாமல் வைத்திருக்கப் பழகினர். அந்தப் பழக்கத்திலிருந்து ஒரு தொழிலறிவும், அதைப் பற்றி மணிக்கணக்கில் கதைத்துச் சலிக்காத ஒரு வட்டமும், அந்த வட்டத்துக்கே உரிய சொல்வழக்கும் தோன்றின. மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் ஏ-40 சோமர்செட், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகியவையே அவ்வட்டத்தின் உலகம். இவற்றுள் முந்தியவற்றின் இலக்கத் தகடுகளில், 'சிலோன்' என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைச் சோடி சேர்த்து அமைத்த சீ.வை., ஈ.எல்., ஈ.என். முதலிய குறிகள் இருந்தன. பிந்திய பதிவுகள் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைத் தாங்கின. அந்த எழுத்துக்கு எதிராக 1950களின் பிற்பகுதியில் தமிழ்ப் பகுதிகளில் நடந்த தார் பூசும் போராட்டம் அரசியல் வரலாற்றுக்கு உரியது. கார்ப் பிரியர்கள் அதே தகட்டை வேறொரு கண்ணால் பார்த்தனர். நூறு யார் தூரத்தில் வரும்போதே காரின் வயதைச் சொல்லிவிட அது உதவிற்று.

இங்கே நினைவுகூரப்படுவது அத்தகைய வட்டங்களுள் ஒன்றாகும். பலாலி வீதியில், உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களின் ஓரமாக, தகரக் கூரையும் ஒரு பக்கச் சீமெந்துச் சுவரும் கொண்ட கராச் ஒன்று 1980களில் இயங்கிவந்தது. அதை நடத்தியவரை அயலார் 'கராச்சண்ணை' என்றே அழைத்தனர். எதிர்வீட்டில் வளர்ந்த பள்ளிச் சிறுவன் ஒருவன், ஸ்பனர் எடுத்துக் கொடுக்கும் உரிமையை மெல்ல மெல்லப் பெற்று, பின்னேரங்களில் அங்கேயே கிடந்தான். இக்கட்டுரையில் வருபவற்றுட் பெரும்பாலானவை அவன் கண்டவையும் கேட்டவையும் ஆகும். வேப்பமரத்தின் கீழ்க் கிடந்த வாங்கில், மைனர் வைத்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், கேம்பிறிட்ஜை வாடகைக்கு ஓட்டிய ஒருவரும், சொந்தக் கார் இல்லாதபோதும் எல்லாக் கார்களைப் பற்றியும் கருத்து வைத்திருந்த புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வந்து அமர்வர்.

அவர்களுடைய வாதம் பெரும்பாலும் ஒரே வாதந்தான்: எந்தக் கார் கைவிடாது? இன்று 'நம்பகத்தன்மை' என்று எழுதப்படும் பண்பை அவர்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தனர். ஒன்று 'நிற்காத கார்', மற்றையது 'எழும்பும் கார்'. முன்னையது வழியில் பழுதாகாதது. பின்னையது பழுதானாலும், நின்ற இடத்திலேயே, கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஓட்டத்துக்குக் கொண்டுவரக்கூடியது. 1977இன் பின் வந்த யப்பானியக் கார்கள் முதல் வகையைச் சேர்ந்தவை என்பதை வாங்கில் இருந்த எவரும் மறுக்கவில்லை. அவை உண்மையிலேயே நிற்கவில்லை, எண்ணெய் ஒழுகவில்லை, மழையில் முனகவில்லை. பிரித்தானியக் கார்களோ இவை எல்லாவற்றையும் செய்தன. ஆயினும், "மாஸ்ரர், உங்கடை கார் நிண்டாலும் நான் சைக்கிளிலை வந்து எழுப்பிப்போடுவன்" என்று கராச்சண்ணை சொல்வதில் ஒரு கணக்கு இருந்தது. சைக்கிளின் பின்காரியரில் கட்டிக்கொண்டு போகக்கூடிய கருவிகளுக்குள் அந்தக் காரின் நோய்கள் அனைத்தும் அடங்கிவிட்டன என்பதே அதன் பொருள்.

மைனரின் வரலாற்றை ஆசிரியர் பாடம்போல ஒப்புவிப்பார். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1948இல் வெளியிடப்பட்ட இக்கார், தயாரிப்புக்குப் போகும் தறுவாயில், போதிய அகலமில்லை என்று தோன்றியமையால் மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்து, அந்த அளவிலேயே உறுதி செய்யப்பட்டது. மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமாகும். முதலில் 918 கன சென்ரிமீற்றர் பக்கவால்வு எஞ்சினும், ஒஸ்ரினும் மொறிசும் 1952இல் ஒரே நிறுவனமானபின் 803 கன சென்ரிமீற்றர் மேல்வால்வு எஞ்சினும், 1956 தொடக்கம் 948உம், 1962 தொடக்கம் 1098உமாக அது வளர்ந்தது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதற் பிரித்தானியக் கார் இதுவே. இவ்வளவு பெருமையையும் கேட்டு முடித்தபின், கேம்பிறிட்ஜ்காரர் ஒரே சொல்லில் பதிலடி கொடுப்பார்: "ட்ரனியன்."

ட்ரனியன் என்பது மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான அச்சாணியின் மேலும் கீழும் அமைந்த திருகுப் பொருத்தாகும். சக்கரம் இடமோ வலமோ திரும்பும்போதெல்லாம் அச்சாணியின் புரி இப்பொருத்தினுள் திரும்புகிறது. இரண்டு உலோகங்களையும் பிரித்து வைப்பது கிரீஸ் மட்டுமே. ஆரம்பகாலக் கையேடுகள் 1,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் ஏற்றுமாறு வற்புறுத்தின. அதைப் புறக்கணித்தால் புரி தேய்ந்து, ஒருநாள், பெரும்பாலும் மெதுவாக ஓடி வளைவில் திரும்பும் வேளையில், கீழ்ப்பொருத்திலிருந்து அச்சாணி கழன்று, சக்கரம் வெளிப்புறமாக மடிந்து, மாடு முழந்தாள் குத்தியதுபோல் காரின் முன்மூலை நிலத்தில் அமர்ந்துவிடும். பார்ப்பவருக்குச் சிரிப்பாகவும் உரியவருக்கு வெட்கமாகவும் முடியும் இவ்விபத்தைத் தடுக்கவே கராச்சண்ணை சீமெந்துச் சுவரில் ஒரு பேரேடு வைத்திருந்தார். தன்னிடம் வரும் ஒவ்வொரு மைனரின் இலக்கத்தையும் கரிக்கட்டியால் எழுதி, அதன் எதிரே கிரீஸ் ஏற்றிய திகதிகளை வரிசையாகப் பதிவார். திகதி பிந்திய காரின் உடையவர் சந்தையில் எதிர்ப்பட்டாலும் அவரை விடமாட்டார்.

உதிரிப்பாகங்களைப் பற்றிய கதை கொழும்பின் பஞ்சிகாவத்தையிலிருந்து தொடங்கும். மருதானையை ஒட்டிய அப்பகுதி, பழைய வாகனங்களைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்கும் கடைகளுக்குப் பேர்போனது. யாழ்தேவிப் புகையிரதத்தில் போய் அடுத்த நாள் ஒரு சாக்குப் பையுடன் திரும்புவது கராச்காரர்களின் வழமையாக இருந்தது. கேம்பிறிட்ஜும் ஒக்ஸ்போட்டும் வைத்திருந்தோர்க்கு இந்தியாவிலும் ஓர் உறவு இருந்தது. கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் மொறிஸ் ஒக்ஸ்போட்டின் அச்சில் வார்க்கப்பட்ட அம்பாசடர், அதே குடும்பத்தைச் சேர்ந்த 1489 கன சென்ரிமீற்றர் எஞ்சினையே நெடுங்காலம் சுமந்தது. இங்கிலாந்தில் அந்த எஞ்சின் வழக்கொழிந்தபின்னும் இந்தியாவில் அதன் பாகங்கள் புதிதாகச் செய்யப்பட்டன. 2014இல் அம்பாசடரின் உற்பத்தி நின்றபோது வருந்தியவர்களுள் அதில் ஒருமுறையேனும் ஏறியிராத யாழ்ப்பாணத்தவர்களும் இருந்திருப்பர்.

பாகம் கிடைத்தால் மட்டும் போதாது, அதைப் பூட்டும் ஸ்பனரும் வேண்டும். பழைய பிரித்தானியக் கார்களில் விட்வேர்த் என்னும் அளவுமுறை வழங்கியது. இம்முறையில் ஸ்பனரில் பொறிக்கப்பட்ட எண் திருகாணித் தண்டின் விட்டத்தைக் குறிக்கும். 1950களில் பரவிய புதிய முறையிலோ அவ்வெண் திருகாணித் தலையின் இரு தட்டைப் பக்கங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைக் குறிக்கிறது. ஆகவே 'அரை' என்று பொறித்த இரு ஸ்பனர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா. யப்பானியக் காருக்கு மில்லிமீற்றரில் மூன்றாவது தொகுதி தேவைப்பட்டது. எதிர்வீட்டுச் சிறுவன் தவறான 'அரை'யை எடுத்துக் கொடுத்து வாங்கிய திட்டுகளுக்குக் கணக்கில்லை.

பாகமே கிடைக்காதபோது கடைசல் பட்டறை கைகொடுத்தது. சிலிண்டரின் உட்சுவர் காலப்போக்கில் முட்டை வடிவாகத் தேயும். அதை மறுபடி வட்டமாகக் குடைந்தால் துளை பெரிதாகும். பெரிதான துளைக்குப் பெரிய பிஸ்ரன் வேண்டும். இப்பெருக்கத்தை அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்காகிய 'தௌ' என்னும் அலகால் அளந்து, இருபது தௌ, நாற்பது தௌ, அறுபது தௌ என்பர். அறுபதுக்கு மேல் உலோகம் தாங்காது என்னும் நிலையில் உள்ளே புதிய இரும்பு உறையொன்றை இறுக்கிச் செருகி, மீண்டும் முதல் அளவிலிருந்து தொடங்குவர். ஒரு காரின் எஞ்சின் இப்போது எத்தனை தௌவில் நிற்கிறது என்று கேட்பது, அவ்வட்டத்தில், வயதானவரிடம் எத்தனை பல் மிச்சம் என்று கேட்பதற்கு ஒப்பானது.

செய்ய முடியாதது இறப்பர். பிறேக் சிலிண்டர்களுக்குள் இருக்கும் சிறு இறப்பர்க் கிண்ணங்கள் அக்காலத்தில் இயற்கை இறப்பரால் ஆனவை. அவற்றுக்கென வந்த பிறேக் எண்ணெயைத் தவிர்த்துக் கனிய எண்ணெயை ஊற்றினால் அவை ஊறிப் பருத்துவிடும். வாடகைக்காரருக்கு ஒருநாள் இதுவே நேர்ந்தது. எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டு அவர் அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயை ஊற்றிவிட, மாலைக்குள் நான்கு சக்கரமும் இறுகி, கோண்டாவிலில் கல்யாண வீட்டார் நால்வரோடு கார் அசையாமல் நின்றது. மணமகளின் தாய்மாமனும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். பயனில்லை. இறுகிய பிறேக்கைத் தள்ளி வெல்ல முடியாது.

குடாநாட்டுக்கே உரிய மற்றொரு நோய் நீரால் வந்தது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்த நிலம்; மழைநீர் அப்பாறையினூடாக ஊறிக் கிணற்றுக்கு வரும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தேநீர்க் கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்காகப் படிவது எதுவோ அதுவே றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து, நீரோட்டத்தை அடைத்து, எஞ்சினைக் கொதிக்க வைத்தது. இக்காரணத்தால் கராச்சண்ணை மாரிகாலத்தில் தகரக் கூரையிலிருந்து வழியும் நீரைப் பீப்பாய்களில் பிடித்து மூடிவைத்து, வேண்டிய வாடிக்கையாளருக்குப் போத்தற் கணக்கில் கொடுத்தார். அதைக் குடிக்கக் கேட்டவர்களுக்குக் கொடுத்ததில்லை.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் இந்த உலகம் தலைகீழானது. யாழ்தேவி நின்றது, மின்சாரம் அறுந்தது, பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் பற்றரியும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும், மட்டுப்படுத்தப்பட்ட அளவில், வந்தது. கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த நுட்பத்தைத் தடைக்காலத்தின் கண்டுபிடிப்பாகப் பலர் எழுதுகின்றனர். அது முற்றிலும் சரியன்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிணற்றிலிருந்து நீர் இறைத்த சிறிய எஞ்சின்கள், சிறிது பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறையிலேயே பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தன. பிரித்தானியாவின் பெர்குசன் உழவு இயந்திரங்களிலும் இவ்வாறு இரட்டை எரிபொருளில் ஓடும் வகையொன்று இருந்தது. எனவே தோட்டக்காரருக்குக் கைவந்த வித்தை கராச்சுக்கு மாறியது என்பதே பொருந்தும். வாங்கில் அதுவரை கருத்து மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த புகையிலைத் தோட்டக்காரர் அந்த ஆண்டில்தான் முதன்முதலாகக் கேள்வி கேட்கப்படுபவரானார்.

வித்தையின் இயல்பு இதுதான். பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். ஆகவே மூடிக்கு அடியில் உயரமான இடத்தில் ஒரு சிறு போத்தலைக் கட்டி, அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாகப் பெற்றோலைக் காபரேற்றருக்கு விட்டு, எஞ்சினை எழுப்பிச் சூடேற்றியபின், இருவழித் திருகு ஒன்றினால் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மைனரில் இருந்த எஸ்.யூ. காபரேற்றர் இதற்கு இசைந்து கொடுத்தது. அதில் எரிபொருள் வரும் நுண்துளைக் குழாயை அடியிலுள்ள ஒரு நட்டைத் திருகி ஏற்றவும் இறக்கவும் முடியுமாதலால், எரிபொருளுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதத்தை விரலாலேயே மாற்றலாம். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்கும் திறன் குறைந்தது. உரிய கணத்துக்கு முன்பே தீப்பற்றி உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் ஒலிக்கும். அதைத் தணிக்கத் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளினர். பழைய கார்களில் இது டிஸ்றிபியூற்றரைத் தளர்த்திச் சிறிது திருப்பும் வேலையே. 948 எஞ்சினில் 7.2க்கு 1 என்ற தாழ்ந்த அமுக்க விகிதத்தோடு வந்த வகை இவ்விடத்தில் மேலானதாயிற்று. தரங்குறைந்த பெற்றோலுக்கென்று செய்யப்பட்ட வகை அது. வலு குறைந்தது என்று முன்னர் எவரும் விரும்பாதது. இலத்திரனியல் தீமூட்டலும் நுணுக்கமான காபரேற்றரும் கொண்ட புதிய கார்களில் இத்தகைய கைவைப்புக்கு இடம் குறைவு. வாங்கின் பழைய வாதம் அத்தோடு தீர்ந்தது. நிற்காத கார்கள் கொட்டிலில் நின்றன, எழும்பும் கார்கள் எழும்பின.

பற்றரி வலுவிழந்தபோது முன்பம்பரின் துவாரத்தினூடாகச் செருகிச் சுழற்றும் இரும்புக் கைபிடி மீண்டும் பயன்பட்டது. கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிராக மடிக்காமல், அவற்றோடு சேர்த்தே வைத்துச் சுழற்ற வேண்டும். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் விரல் முறியும். சிறுவனுக்குக் கராச்சண்ணை கற்றுக்கொடுத்த முதல் பாடம் அதுவே.

ஓட்டுவோர் புதிய ஒழுக்கம் ஒன்றைப் பழகினர். போகுமிடத்துக்கு அரைக் கட்டைத் தூரம் இருக்கும்போதே திருகை மாற்றி, காபரேற்றரின் மிதவை அறையில் பெற்றோல் நிரம்பியபின்னரே எஞ்சினை நிறுத்துவர். இல்லாவிடில் அடுத்தமுறை அது எழும்பாது. ஆனால் பொம்மர் வரும் நேரத்தை யாரும் முன்கூட்டி அறிய முடியாது. இரைச்சல் கேட்டதும் காரை மரத்தடிக்கு ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தி, பதுங்குகுழிக்கு ஓடிவிட்டுத் திரும்புவோர், மிதவை அறையின் மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்து, சில துளி பெற்றோலை விட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. இப்பணியைச் சிலர் நடுங்கும் கையால் இரண்டு நிமிடத்தில் முடித்ததுண்டு.

இந்நினைவுகளைப் புகழ்ச்சியாக மாற்றிவிடும் போக்கு இப்போது மிகுந்திருப்பதால், மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து அடித்தொட்டிக்குள் இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. நீர்த்த எண்ணெய் பெயாரிங்குகளைத் தின்றது. பத்தாண்டு தாங்கவேண்டிய எஞ்சின்கள் ஈராண்டில் முடிந்தன. வெண்புகை கண்ணை எரித்தது. இரவில் நோயாளியை ஏற்றப்போன கார் எழும்பாமல், கைபிடியைச் சுழற்றிச் சுழற்றி விடிந்த வீடுகள் உண்டு. எழும்பும் கார் என்ற சொல் அவ்வீடுகளில் வேறுவிதமாகவே ஒலித்திருக்கும்.

1990களின் தொடக்கத்திலேயே, இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வேயர் நடத்திய மொறிஸ் மைனர் நிலையத்துக்காக, இலங்கையின் தெற்கே அக்காரின் பாகங்கள் புதிதாகச் செய்யப்பட்டு ஏற்றுமதியாகின. ஒரே தீவின் தென்பாதியிலிருந்து மைனரின் பாகங்கள் கடல்கடந்து போய்க்கொண்டிருக்க, வடமுனையில் அதே காரின் பிறேக் கிண்ணத்துக்கு ஆளாய்ப் பறந்த செய்தி கராச்சண்ணைக்குப் பல ஆண்டுகளின் பின்னரே எட்டியது. அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. 2002இல் ஏ-9 வீதி திறந்தபின் தெற்கிலிருந்து பழைய கார் சேகரிப்போர் வந்து, கோழிக்கூடாகிப் போயிருந்த சோமர்செட்டுக்கும் விலை பேசினர். ஆங்கில எழுத்துத் தகடு கழற்றப்படாமல் இருந்தால் விலை கூடியது.

1995 ஐப்பசியில் படையினர் வலிகாமத்தினூடாக முன்னேற, அம்மாத இறுதியில் ஏறத்தாழ முழு வலிகாமமும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் மனிதரும் மாடும் சைக்கிளும் அடைத்து நகர்ந்த அவ்விரவில் கார்களும் நடை வேகத்திலேயே ஊர்ந்தன. அவ்வேகத்தில் எஞ்சின் போதிய சூட்டைத் தக்கவைக்காது, மண்ணெண்ணெய் அரைகுறையாய் எரிந்து பிளக்குகளில் கரி பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் அணைந்தன. ஆசிரியரின் மைனரை, உள்ளே அவரது தாயாரும் இரண்டு கிடாரங்களும் இருக்க, எதிர்வீட்டுச் சிறுவன் உட்பட ஐவர் தள்ளிப் பாலத்தைக் கடந்தனர். கைதடியில் ஒரு மாமரத்தின் கீழ் விடப்பட்ட அந்தக் கார், எரிபொருள் இன்றி, ஏழு மாதத்துக்கு மேலாக அங்கேயே நின்றது.

1996 சித்திரையின் பின் மக்கள் திரும்பத் தொடங்கியபோது கராச்சின் கூரைத் தகரங்களிற் பாதி இல்லை; சுவர் இருந்தது. மழை படாத மேற்பகுதியில் கரிக்கட்டி எழுத்துகள் அழியாமல் நின்றன: பதினொரு கார்கள், ஒவ்வொன்றின் எதிரேயும் திகதிகள், எல்லா வரிசைகளும் ஐப்பசியோடு முடிந்திருந்தன. அவற்றுள் இரண்டு கார்கள் மட்டும் மீண்டும் அந்த முற்றத்துக்கு வந்தன. ஆசிரியரின் மைனர், உழவு இயந்திரத்தின் பின்னே கயிற்றில் இழுபட்டு வந்தது. கராச்சண்ணை 12-10-95 என்ற திகதியின் பக்கத்தில் அன்றைய திகதியை எழுதிவிட்டுக் காரின் அடியில் படுத்தார். ட்ரனியனுக்குள் பழைய கிரீஸ் கல்லாகி இறுகியிருந்தது, கிரீஸ் துப்பாக்கியால் எவ்வளவு அழுத்தியும் புதியது ஏறவில்லை. அவர் மண்ணெண்ணெயில் தோய்த்த துணியை அதைச் சுற்றிக் கட்டி, இரவு முழுவதும் ஊறவிட்டார்.